குழாயின் அடியில் ஒரு வாய்

செர்ரி பழுக்கிற மாதத்தில் வரும் ஆத்மாக்களின் சனிக்கிழமையன்று எங்கள் ஊரில் யாரும் வேலைக்குப் போவதில்லை. கல்லறைக்குத்தான் போவோம். வேகவைத்த கோதுமையையும் செர்ரியையும் அக்கம்பக்கத்தாருக்குப் பங்கிட்டுவிட்டு, செத்தவர்களின் தலைமாட்டில் சிவப்பு ஒயின் ஊற்றுவோம். அந்த வருடம் அந்தச் சனிக்கிழமையிலும் ருமியானா தன் ஆட்களைக் குழிக்குள் இறக்கினாள்.

ருமியானா எங்கள் மியூசியத்தின் அகழாய்வுத் தலைவி. டான்யூப் கரையில் ரோமானியர்கள் கட்டி, கோத்து இனப் படையினர் கொளுத்திவிட்டுப் போன பழைய நகரத்தை இளம் வயதிலிருந்தே தோண்டிக்கொண்டிருப்பவள். அந்த நகரத்தின் சாக்கடை எந்தப் பக்கம் ஓடியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதன் கிழக்கு வாசலுக்கு வெளியே இப்போது நெடுஞ்சாலை வரப்போகிறது. தார் போடுமுன் அங்கே ஏதாவது புதைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவள் அவள்தான். இல்லை என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது, வீட்டோடு இருக்கலாம்.

வீட்டில் ஸஹாரி படுத்திருந்தார். குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து விழுந்த அவள் கணவர். பேச்சு இல்லை, கை எழும்பாது. மூக்கு வைத்த கோப்பையைச் சாய்த்து மெல்ல ஊற்றினால் தண்ணீர் குடிப்பார். பகலில் அதைப் பக்கத்து வீட்டு பென்கா செய்தாள். கட்டின புருஷனுக்குத் தண்ணீர் கொடுக்க அடுத்தவளை விட்டுவிட்டு, என்றோ செத்தவர்களைச் சுரண்டிக்கொண்டிருக்கிறோமே என்ற உறுத்தல் ருமியானாவுக்கு எந்நேரமும் இருந்தது.

வெயில் உச்சிக்கு ஏறிய நேரம், தோண்டும் ஆட்களில் ஒருவனான நெட்கோவின் கொத்துக்கரண்டி எதன் மேலோ தட்டியது. மண்ணோடு மண்ணாக ஒரு வட்ட விளிம்பு. சுரண்டச் சுரண்ட, செங்குத்தாகக் கீழே இறங்கும் சுட்டமண் குழாய் தெரிந்தது.

ருமியானாவுக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. அந்த நகரத்துக்காரர்கள் சிலர் தங்கள் செத்தவர்களை இப்படிப் புதைத்தார்கள். குழாயின் அடிமுனை பிணத்தின் வாயருகே இருக்கும். உறவுக்காரர்கள் விசேஷ நாளில் வந்து மேலிருந்து ஒயினும் பாலும் ஊற்றுவார்கள்.

அவள் அதைச் சொன்னதும் நெட்கோ எழுந்தான். மனைவியின் கல்லறைக்குப் போக விடவில்லை என்று காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன். மனைவிக்கென்று எடுத்து வைத்திருந்த ஒயின் பாட்டிலைப் பையிலிருந்து உருவினான்.

"என் பொண்டாட்டிகிட்டதான் விடமாட்டேன்னுட்டீங்க மேடம்," என்றான். பிறகு குழாய்க்குள் குனிந்தான். "இந்தா, நீ குடி. இனிமே உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். தடுத்திருக்க வேண்டிய ருமியானாவும் சிரித்தாள். பாட்டில் முழுக்க உள்ளே போனது. குழாய் நிரம்பவே இல்லை.

பிறகு கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

மடக்.

சிரிப்பு அப்படியே நின்றது. குழாயின் வாயிலிருந்து ஈர மண் வாடையும், அதற்குள்ளாகவே புளித்துப்போன ஒயின் வாடையும் எழுந்தன. ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான். காய்ந்த மண் இப்படித்தான் உறிஞ்சும் என்று ருமியானா சொன்னாள். யாரும் நம்பவில்லை.

கல்லறை இருக்கிறது என்று சொன்னால் முறைப்படி தோண்ட இன்னும் ஒரு மாதமாவது ஆகும். இல்லை என்றால் திங்கட்கிழமை முதல் அவள் ஸஹாரியின் பக்கத்தில் இருக்கலாம். ருமியானா வெகுநேரம் யோசிக்கவில்லை. குழாயை மட்டும் அசைத்து அசைத்துப் பிடுங்கச் சொன்னாள். அதற்குக் கீழே வெறும் மண்தான் என்று சாலைக்காரர்களிடம் சொல்லிவிட்டாள்.

"கீழ ஒரு ஆள் இருக்கே மேடம்," என்று நெட்கோ அவளை ஒதுக்கமாக அழைத்து மெதுவாகச் சொன்னான். "இப்பதானே குடிக்க ஆரம்பிச்சுது."

"நான் பாத்துக்கறேன்."

சில நாட்களில் அங்கே தார் ஆறிக்கொண்டிருந்தது. குழாய் மியூசியத்தில் அவள் அறை அலமாரிக்குப் போனது.

வீட்டில் ஸஹாரியின் உதடுகள் வெடிக்கத் தொடங்கின. நாக்கு கருத்தது. தான் ஊற்றியபோதும் அவர் குடித்ததாகத்தான் ருமியானா நினைத்தாள். அதனால் பழியைப் பென்கா மேல் போட்டு, தண்ணீர் கொடுக்கிறாயா இல்லை டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாயா என்று சத்தம் போட்டாள். பென்கா அழுதுவிட்டாள்.

"கோப்பை கோப்பையா காலியாகுது அக்கா. எங்க போகுதுன்னு எனக்கே பயமா இருக்கு."

அன்று ருமியானா கவனமாகப் பார்த்தபடி ஊற்றினாள். கோப்பையில் தண்ணீர் இறங்கியது. அவர் தொண்டை அசையவில்லை. கடைவாயில் ஒரு துளி சிந்தவில்லை. கண்கள் மட்டும் அவளையே பார்த்துக் கெஞ்சின.

சத்தம் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது.

மடக்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பை காலியானது, உடம்பில் ஏறவில்லை. டாக்டர் ஊசியை மாற்றினார், கையை மாற்றினார். கடைசியில், இப்படியே போனால் நாளைக்குத் தாங்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்.

ருமியானா குழாயை எடுத்துக்கொண்டு நெட்கோவுடன் சாலைக்கு ஓடினாள். லாரிகள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. ரோட்டை உடைக்கச் சொல்லுங்கள், உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று நெட்கோ வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். சாலைக்காரர்கள் வந்து உடைப்பதற்குள் ஸஹாரி போய்விடுவார் என்றாள் அவள். தாருக்கடியில் போய்விட்ட அந்தக் கல்லறைக்குப் பக்கமாக, தார் முடியும் ஓரத்தில் குழாயை நட்டார்கள். முதலில் ஒயின். அப்புறம் பால்.

குழாய் நிரம்பி வழிந்தது. ஒரு சொட்டுகூடக் கீழே இறங்கவில்லை.

"குறை வைக்க மாட்டோம்னு நான்தான் வாக்குக் குடுத்தேன்," என்று நெட்கோ தலையில் கை வைத்துக்கொண்டான்.

ருமியானா முழங்காலில் விழுந்தாள். குழாயின் விளிம்பருகே வாயை வைத்துப் பேசினாள்.

"பிடுங்கினது நான். பொய் சொன்னதும் நான். அவரை விட்டுடு. எங்கிட்ட எடுத்துக்கோ."

லாரிச் சத்தம் எதுவும் அப்போது கேட்கவில்லை என்று நெட்கோ பிறகு என்னிடம் சொன்னான்.

பால் மெல்ல இறங்கியது.

உடனே அவள் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் பேசினாள். ஸஹாரி ஒரு கோப்பைத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று கண்ணைக் காட்டுகிறாராம். ருமியானா சாலையோரத்தில் உட்கார்ந்து, நெஞ்சு விம்ம விம்ம அழுதாள்.

அதற்குப் பிறகாவது அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புருஷன் பிழைத்துவிட்டார், இனி ஊர் சிரிக்க வேலையையும் இழக்க வேண்டுமா என்று தோன்றியிருக்கும். இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று கோடை போய்விட்டது. நானும்தான் தெரிந்துகொண்டே அந்தச் சாலையில் கார் ஓட்டிப் போகிறேன். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஸஹாரி நன்றாகத் தேறினார். இலை உதிரும் காலத்தில் எழுந்து உட்கார்ந்தார். ருமியானாதான் வற்றிப்போனாள். போகிற இடமெல்லாம் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். சர்க்கரை நோயாக இருக்கும் என்று சோதித்துப் பார்த்தார்கள், அதுவும் இல்லை. கேட்பவர்களிடம் வெயில் என்றாள், பனி கொட்டும்போதும்.

ஒரு நாள் காலை, சாப்பாட்டு மேஜையில் அவள் டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கையில் எடுத்தாள். ஸஹாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. இப்போது உதடுகள் சிரமப்பட்டு அசைந்தன.

"பாதியாவது... உனக்கு வருதா?"

அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. யாரால் தாகத்தில் அப்படித் தவித்துக் கிடந்தார் என்பது உட்பட. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ருமியானா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வருது," என்றாள்.

டம்ளரை அவள் இன்னும் உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அதில் தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.