கேபிளைப் பிடுங்கிய பிறகும்...

இருந்தது ஒரே ஒரு கேபிள்... அதன் மேல் இரண்டு கைகள்!

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உதிரி பாகங்கள் விற்கும் அந்தக் குட்டிக் கடையில் அவள் சுள்ளென்று நிமிர்ந்தாள். நனைந்த இமைகளுக்குக் கீழே தூக்கம் தொலைத்த இரண்டு கண்கள்... கோபப்பட வந்தவளுக்கு ஏனோ வார்த்தை வழுக்கியது.

“நான்தாங்க முதல்ல எடுத்தேன்.”

“தெரியும். ஆனா விடமாட்டேன்,” என்றான். “எங்கம்மாவ சாயங்காலம் ஆஸ்பத்திரியில இருந்து அனுப்புறாங்க. இந்தப் பெட்டி ஒழுங்கா வேலை செஞ்சாத்தான் அனுப்புவாங்களாம்.”

பையிலிருந்து எடுத்துக் காட்டினான். விரலில் மாட்டிக்கொண்டால், மூச்சு குறையும்போது கத்துகிற பெட்டி. கேபிளைப் பிடுங்கிய பிறகும் ‘சார்ஜ் ஏறுகிறது’ என்றே காட்டுகிறதாம்... அப்புறம் சத்தமில்லாமல் அணைந்துபோகிறதாம்.

“கேபிள்ல கோளாறுன்னு நினைக்கிறேன். இல்லேன்னா இதுக்கு டிரைவர் புரோகிராம் எழுதின மிளகாயோட வேலை. மெயில்ல அவ்வளவு காரம்! கையில மட்டும் கிடைச்சா...”

அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் அவளுடைய கம்பெனியின் பெயர்!

“கிடைச்சாச்சு. நான்தான் மிளகா. அப்ப... இதுக்கு சர்க்யூட் போர்டு பண்ற, இப்பல்லாம் பதிலே போடாத ஊமைச்சாமி நீங்கதானா?”

ஒரே கம்பெனி, வேறு வேறு ஊர். மெயிலில் சண்டை போட்டதைத் தவிர ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அக்கா வீட்டுக்கு வந்த இடத்தில், மழைக்கு ஒதுங்கிய கடையில்... இப்படியா?

“என் போர்டுல தப்பில்ல.”

“என் டிரைவர்லயும் இல்ல! நீங்க எழுதிக் கொடுத்த விவரத்த நம்பித்தான் அது ஓடுது. அதுக்கென்ன கண்ணா இருக்கு?”

பயப்படாதீர்கள் கண்ணுகளா, விஷயம் எளிதுதான். யூஎஸ்பி வழியே வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் சிப் எது, மின்சாரம் வந்ததையும் போனதையும் அது எப்படிச் சொல்லும் என்று போர்டு செய்கிறவர் ஒரு சின்னக் கோப்பில் எழுதிவைப்பார். டிரைவர் அதைப் படித்துவிட்டு அப்படியே நம்பும். பாவம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

“சண்டைய உக்காந்து போடுங்க,” என்று கடைக்காரர் ஸ்டூலைத் தள்ளினார்.

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்... மறுபடியும் பார்த்தான். அவள் அந்தக் கோப்பைத் திறந்தாள். இது சரியாகாவிட்டால் ஓர் அம்மா வீடு திரும்ப முடியாதே...

“இது பழைய சிப்போட பேரு. நீங்க புதுசு மாத்திட்டீங்கதானே?”

அவன் முகம் வெளுத்தது. “பழைய போர்டோட விவரத்த... அப்படியே எடுத்துப் போட்டுட்டேன்.”

“புதுசு, கரண்ட் வந்தா சொல்லும், போனா சொல்லாது. டிரைவர்தான் அடிக்கடி போய்ப் பாக்கணும். பழைய சிப்பா, புதுசான்னு கேட்டுத்தானே மெயில் மேல மெயில் போட்டேன்? திமிரு... பதிலே இல்ல!”

“அம்மா ஐசியூல இருந்தாங்க...”

அவள் விரல்கள் நின்றன. சே... இதையா திமிர் என்று திட்டித் தீர்த்தேன்?

கோப்பில் சிப்பின் பெயரை மாற்றினாள். அந்தச் சிப்புக்கு வேண்டியதை டிரைவரில் எப்போதோ எழுதி வைத்திருந்தாள். அவன் பதிலுக்குத்தான் அது காத்திருந்தது. அந்தக் கேபிளை மாட்டிப் பெட்டியில் ஏற்றினாள்.

“பிடுங்குங்க.”

பிடுங்கினான். ‘சார்ஜ் ஏறுகிறது’... இன்னும்... இன்னும் அதேதான்... இருவரும் மூச்சே விடவில்லை. சட்டென்று, ‘பேட்டரி குறைவு’! பெட்டி வீறிட்டது.

“அய்யோ, என் காது!” என்றார் கடைக்காரர்.

அவன் சிரித்தான். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

“பதில்தான் போடல... ஆனா படிக்காம இருந்ததில்ல. ஐசியூ வாசல்ல எல்லாரும் என்கிட்ட மெதுவா, பாவமாப் பேசுவாங்க. நீங்க ஒருத்தர்தான் எப்பவும்போலத் திட்டுனீங்க. அதுக்காகவே திறந்து திறந்து பாப்பேன்... முகம் தெரியாமலேயே பிடிச்சுப்போச்சுங்க.”

மழை குறைந்திருந்தது. அவளுக்குத்தான் காதெல்லாம் இரைந்தது.

“கிளம்புங்க, நேரமாச்சு. நானும் வரேன்... ஆஸ்பத்திரியில இது ஒழுங்கா கத்துதான்னு நான் பாக்கணும்.”

“அதுக்கு மட்டுமா?”

அவள் தலை குனிந்து மடிக்கணினியை மூடினாள்.

“...இல்ல.”