பந்தைத் தர மாட்டேன்

ரிசாலின் தண்ணீர் பாட்டிலைத் தரையில் ஓங்கி அடித்தாள். அது உருண்டு எதிரணியின் பெஞ்சுக்கு அடியில் போய் நின்றது. அங்கே புத்தம்புது ஷூ போட்டுக்கொண்டு டியோசா உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மாதம் முன்பு வரை டியோசா இவர்கள் அணியில்தான் ஆடினாள். இருவருக்கும் ஒரே வகுப்பு, பிலிப்பைன்ஸின் லெய்டே தீவில் ஒரு சின்ன ஊரில் ஒரே தெரு. இப்போதெல்லாம் பள்ளிக் கூடைப்பந்தைப் பார்க்க மணிலாவிலிருந்து கூட ஆட்கள் வருகிறார்கள். அதனால் நகரத்துப் பெரிய பள்ளிகள் உயரமான பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடுகின்றன. டியோசா வீட்டுக்கும் வந்தார்கள். அவளுக்குத் தங்க இடம், ஷூ. வீட்டுக்கு மாதம் ஒரு மூட்டை அரிசி. மறுநாளே அவள் போய்விட்டாள். ரிசாலினிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இந்தா, உன் பாட்டில்," டியோசா குனிந்து எடுத்து நீட்டினாள்.

"நீயே வெச்சுக்கோ. அரிசி மூட்டையோட சேத்து வை!"

டியோசாவின் முகம் சுருங்கிவிட்டது.

கடைசி நிமிடம். இரண்டு அணியும் தலா நாற்பத்தொரு புள்ளி. பந்துக்காக எம்பிய டியோசா கால் மடங்கி விழுந்தாள். பந்து அவள் கையில் பட்டு வெளியே போனது. அவள் நொண்டிக்கொண்டே எழுந்தாள்.

"ஒண்ணுமில்ல, நில்லு!" அவளுடைய பயிற்சியாளர் கத்தினார். "நடிக்கவா உன்னைக் கூட்டிட்டு வந்தோம்?"

இந்தப் பக்கம் ரிசாலினின் பயிற்சியாளர் ஃபெலிசா மிஸ் துள்ளினார். "ரிசா! பந்தை உள்ள போட்டுட்டு டியோசா பக்கமா ஓடு! அவளால நகர முடியல!"

கோட்டுக்கு வெளியே பந்தோடு நின்ற ரிசாலின் பார்த்தாள். டியோசா உதட்டைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். ரிசாலினுக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஆனால் இந்த முறை டியோசாமேல் இல்லை.

"சார், அவ காலைப் பாருங்க!"

"பந்தைப் போடு பாப்பா. அஞ்சு விநாடிதான்," என்றார் நடுவர்.

"போட மாட்டேன்!"

ஐந்து விநாடி கடந்ததும் விசில். பந்து எதிரணிக்கு என்றார் நடுவர். ரிசாலின் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "அவளை உக்கார வைங்க. அப்பதான் தருவேன்!"

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "அட, பொண்ணு கால் சியோபாவ் ரொட்டி மாதிரி உப்பியிருக்கே!"

அப்போதுதான் நடுவர் குனிந்து பார்த்தார். உடனே செவிலியரைக் கூப்பிட்டார்.

ரிசாலினின் அணி இரண்டு புள்ளியில் தோற்றது.

"ஜெயிச்சிருக்கலாம்டி!" ஃபெலிசா மிஸ் முறைத்தார். பிறகு விறுவிறுவென்று வெளியே போய், ஒரு பை ஐஸ் வாங்கி வந்து ரிசாலின் கையில் திணித்தார். "போ, கொண்டு போய்க் குடு."

டியோசா பெஞ்சில் காலை நீட்டியிருந்தாள்.

"உன்மேல கோபம் போகல," என்றாள் ரிசாலின்.

"தெரியும்."

"ஏன் சொல்லாம போன?"

"சொன்னா நீ போகாதன்னு சொல்லுவ. நானும் போயிருக்க மாட்டேன். எங்க வீட்டுல ஏழு பேருடி."

ரிசாலின் பெஞ்சுக்கு முன்னால் குனிந்தாள். ஐஸ் பையை அவள் கணுக்காலில் வைத்தாள்.

"ஆ! மெதுவா!"

"கத்தாத. அடுத்த மாச மேட்சுக்கு ரெண்டு காலும் நல்லா ஆகி வா. உன்னைத் தோக்கடிக்கிறேனா இல்லையான்னு பாரு."

"யாரு, நீயா? குள்ளச்சி!" டியோசா சிரித்துவிட்டாள்.

ரிசாலின் ஐஸை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.