மல்லாந்து படுங்கள்

கண் விழித்தபோது இடது கண்ணில் மட்டும் அறை கரைந்து கிடந்தது. ஜன்னல், அலமாரி, கடிகாரம் எல்லாம் ஈரக் காகிதத்தில் ஊறிய மைபோல விளிம்பில்லாமல் பரவியிருக்க, கதவோரம் சுவரைப் பார்த்து நின்ற ஆள் மட்டும், சட்டைக் காலரின் தையல் வரை, துல்லியமாகத் தெரிந்தான். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தார். கதவோரம் காலி.

கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருஷம் கண் சோதித்தவர் இதற்கெல்லாம் அசைவாரா? ஒருக்களித்துப் படுத்ததில் தலையணை கண்ணை அழுத்தியிருக்கும். மிச்சம், தூக்கக் கலக்கம். பத்து நிமிஷத்தில் எல்லாம் தெளிந்தது. கதவோரமும்தான்.

குளிக்கும்போதுதான் அந்தத் தையல்காரம்மா நினைவுக்கு வந்தாள். போன மாதம் இதையேதான் சொன்னாள்.

"எல்லாம் மங்கலா இருக்கு சார். ஒருத்தன் மட்டும் தெளிவா நிக்கிறான்."

"ஒருத்தன்தானே? கண்ணாடி போட்டா கூட்டமே தெரியும்" என்றார் இவர். கடையே சிரித்தது. "கன்னத்துல தலையணை மடிப்பு பதிஞ்சிருக்கும், பாருங்க. மல்லாந்து படுங்க, சரியாயிடும்."

"மல்லாந்துதான் சார் படுக்கறேன். என் கன்னத்துல மடிப்பு இல்ல." அவள் இன்னும் எதையோ சொல்ல வாயெடுத்தாள். "தினம் கொஞ்சம் கிட்ட வரான் சார்..."

இவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வேலையில்லாத ஜன்மங்கள். அவளுடைய கண்ணாடி தயாராகி மூன்று வாரம் ஆகிறது. வாங்க வரவில்லை.

மறுநாள் காலை அவன் அலமாரியருகே நின்றான். அதே முதுகு. மங்கல் அரைமணி நேரம் நீடித்தது. கடையில் கண் சோதிக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரி அவர் பார்வையில் நடுங்கியது. கண் போனால் இந்த வேலையும் போகும். ஊரையே நக்கலடித்த வாய்க்கு ஊர் பதில் சொல்லும்.

அன்றிரவு இரண்டு பக்கமும் தலையணையை அண்டக் கொடுத்து மல்லாந்து படுத்தார். "நான் எந்தப் பக்கம் புரள்றேன்னு பாரு" என்றார் மனைவியிடம்.

"ஏன், புதுசா பார்க்கணுமா? நேத்து நடுராத்திரி நான் எழுந்தப்பவும் மல்லாக்கதான் கிடந்தீங்க, பொணம் மாதிரி. குறட்டை மட்டும் இல்லைன்னா அழ ஆரம்பிச்சிருப்பேன்."

"உளறாதே. அப்போ கண்ணை எது அழுத்துது?"

"ஊருக்கே கண்ணு பார்க்கறவரு நீங்க. என்கிட்ட கேட்டா?"

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. சலவைத்துணி வாசனைக்கு அடியில் வேறொன்று: நெடுநேரம் தூங்கியவனின் வாய் நாற்றம். அவருடையதாகத்தான் இருக்கவேண்டும்.

விடிந்தது.

இரண்டு கண்ணும் மங்கல். கையைத் தூக்கிப் பார்த்தார். கை புகையாக இருந்தது. அலமாரியருகே யாருமில்லை. கதவோரமும் யாருமில்லை. அப்பாடா.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல். "எழுந்தாச்சா? இன்னைக்கு என்ன தெரியுது டாக்டருக்கு?"

மேலே பார்த்தார்.

முகத்துக்கு மேலே முகம். ஒரு விரற்கடை தூரம். அவ்வளவு கிட்டத்தில் எந்த மனிதக் கண்ணுக்கும் எதுவும் தெளிவாகத் தெரியாது. அது அவருக்குத் தெரியும்.

தெரிந்தது. ஒவ்வொரு இமைமயிரும்.

அவனுடைய இடது கன்னத்தில் தலையணை மடிப்பு. சிவப்பாக. புதிதாக.

கண்கள் மூடியிருந்தன. இமைகள் துடித்தன, விழிக்கப் போகிறவனுடையதைப் போல.