அச்ச வரம்பு

முப்பத்தைந்து. முப்பத்தாறு. திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. மேடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் அன்னபாக்கியம் ஒலிவாங்கியை வாயருகே இழுத்தாள்.

"அண்ணாச்சி, தண்ணி குடிங்க."

மேடையில் வேட்பாளர் தளவாய் காதுக்கருவியில் அதைக் கேட்டு, பேச்சைப் பாதியில் நிறுத்திக் குவளையை எடுத்தார். நாணல்குளம் சந்தைத் திடலில் உட்கார்ந்திருந்த ஆறாயிரம் பேரும் அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள். வேலையில்லாத பிள்ளைகள் நாட்டை விட்டுப் போவதைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தார். கேட்டவர்களில் பாதிப்பேர் வீட்டில் அப்படிப் போன பிள்ளை உண்டு.

"நான் குடிச்சது வெறும் தண்ணிதான். ஆளுங்கட்சிக்காரன் சந்தேகப்படுவான், அதுக்குச் சொல்லுதேன்" என்றார் தளவாய்.

திடல் சிரித்தது. எண் இருபத்தொன்பதுக்கு இறங்கியது.

"இப்பப் புதுப் பள்ளிக்கூடங்களைப் பத்திப் பேசுங்க" என்றாள் அவள்.

திடலில் இருந்த எல்லார் மணிக்கட்டிலும் அச்சமானி இருந்தது. கடிகார வார் போன்ற பட்டை. நாடித்துடிப்பையும் தோலின் வியர்வையையும் விரல்நடுக்கத்தையும் சேர்த்து அளந்து, அணிந்தவருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். கூட்டத்தின் சராசரி, தேர்தல் அலுவலரின் திரைக்குப் போகும். சராசரி நாற்பதைத் தாண்டினால் பேசிய வேட்பாளரின் மனு தள்ளுபடி. மூன்று தொகுதிகளில் அப்படி நடந்தால் கட்சியின் சின்னம் நாடு முழுவதும் முடக்கப்படும். தளவாயின் கட்சியான புத்துயிர் முன்னணி ஏற்கெனவே இரண்டு தொகுதிகளில் தாண்டியிருந்தது.

அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியதே புத்துயிர் முன்னணிதான். பத்து ஆண்டுகளுக்கு முன் ஆளுங்கட்சி அடுத்த தெருக்காரனைக் காட்டிப் பயமுறுத்தி வாக்கு வாங்கியது. கலவரத்தில் முந்நூறு பேர் செத்தார்கள். பயம் காட்டி வாக்கு கேட்பதைத் தடைசெய்யச் சொல்லித் தளவாய் பதினோரு நாள் உண்ணாவிரதம் இருந்தார். சட்டம் வந்த அன்று ஊர் முழுக்க லட்டு கொடுத்தார். பயமில்லாத மக்களிடம்தான் நியாயம் எடுபடும், நாடு அங்கிருந்துதான் திருந்தும் என்று அவர் நம்பினார். அன்னபாக்கியமும் நம்பினாள். அதனால்தான் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுக் கட்சியின் உரை அளவையர் ஆனாள். ஒவ்வொரு பேச்சையும் முன்கூட்டி அளந்து வரம்புக்குள் செதுக்கிக் கொடுப்பது அவள் வேலை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவள் கணவர் சிகாமணி நின்றுகொண்டிருந்தார். எட்டு கிலோமீட்டர் மேலே இருக்கும் செம்பாற்று அணையிலும் மாவட்டத்தின் மற்ற மண் அணைகளிலும் நீர்க்கசிவைக் குறித்துவைப்பவர். கையில் ஒரு கண்ணாடிப் புட்டி வைத்திருந்தார்.

"என்னது, டீயா?"

"கசிவுக் கால்வாய்த் தண்ணி. இன்னைக்குக் காலைல புடிச்சேன்."

மண் அணையில் எப்போதும் கொஞ்சம் நீர் கசியும். தெளிவாகக் கசியும்வரை கவலையில்லை. கலங்கி வந்தால், அணை தன் வயிற்று மண்ணைத் தானே கரைத்து வெளியே தள்ளுகிறது என்று பொருள். இதை அவர் கல்யாணமான புதிதிலேயே அவளுக்குச் சொல்லியிருந்தார்.

"மேல எழுதலையா?"

"மூணு தடவை எழுதியாச்சு. கண்காணிப்பில் உள்ளதுன்னு பதில் வருது. கண்காணிக்கிறவன் நான்தான, பாக்கியம்."

"எத்தனை நாள் தாங்கும்?"

"மழை இல்லேன்னா ஒரு மாசம். மழை வந்தா என்னால சொல்ல முடியாது." புட்டியைத் துண்டில் சுற்றினார். "எனக்குப் பயமா இருக்கு."

அவர் மணிக்கட்டு சிவந்திருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை.

தேர்தல் மாதங்களில் செய்தித்தாள்களுக்கும் அரசு அறிவிப்புகளுக்கும்கூட அச்ச வரம்பு உண்டு. தனி மனிதன் பயத்தைப் பரப்பினால் சிறை. ஆறாயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் ஒன்றைச் சொல்ல மேடை மட்டும்தான் மிச்சம். "அண்ணாச்சியை ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லு. அது போதும்" என்றார் சிகாமணி.

மறுநாள் காலை கல்யாண மண்டபத்தில் மாதிரிக் கேட்போர் நாற்பது பேர் கூடினார்கள். எல்லாரும் நாணல்குளத்துக்காரர்கள். ஒவ்வொரு பேச்சும் முதலில் அவர்களிடம்தான் சோதிக்கப்படும். முடிந்ததும் பிரியாணிப் பொட்டலம். அன்னபாக்கியம் தாளைப் பார்த்துப் படித்தாள்.

"செம்பாற்று அணை உடையப் போகிறது. ஊரை விட்டு மேட்டுக்குப் போய்விடுங்கள்."

எழுபத்தொன்று. நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு பெண் தொலைபேசியை எடுத்தாள். பின்வரிசையில் நின்ற தளவாயின் முகம் வெளுத்தது. அவர் அன்னபாக்கியத்தைப் பார்த்து வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

"உக்காருங்க, உக்காருங்க. இது சோதனை வாக்கியம். உங்களை அளக்கத்தான் சொன்னேன்" என்றாள் அவள்.

ஒவ்வொரு மணிக்கட்டாகப் பச்சைக்குத் திரும்பியது. தொலைபேசியை எடுத்த பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

பக்கத்து அறையில் தளவாய் கதவைச் சாத்தினார்.

"இதை நான் அப்படியே சொன்னா சின்னம் போயிரும், பாக்கியம். இங்க மட்டும் இல்ல, நாடு முழுக்க. இன்னும் அஞ்சு வருசம் இவனுவதான். பொறவு எந்த அணையை யாரு பாப்பா?"

"ஊரே போயிட்டுன்னா, அண்ணாச்சி?"

"பத்து நாளு. ஜெயிச்சு உக்காந்ததும் என் முதல் கையெழுத்து அணைக்குத்தான். எங்க அம்மா மேல சத்தியம்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. எதிர்த்துச் சண்டை போட அங்கே பொய்யர் யாரும் இல்லை.

அவள் உட்கார்ந்து செதுக்கினாள். 'உடையப் போகிறது' என்பதை எடுத்துவிட்டுப் 'பழுதடையலாம்' என்று போட்டபோது ஐம்பத்தெட்டு. 'மேட்டுக்குப் போய்விடுங்கள்' என்பதைக் 'கவனமாக இருங்கள்' என்று மாற்றியபோது நாற்பத்து நான்கு. பழுது என்ற சொல்லே போனபோது முப்பத்து மூன்று. மத்தியானத்துக்குள் அது இப்படி ஆகியிருந்தது: "செம்பாற்று அணையின் நலனில் புத்துயிர் அரசு தனிக்கவனம் செலுத்தும்." பத்தொன்பது. மண்டபத்தில் நாலு பேர் கைதட்டினார்கள்.

மறுநாள் கூட்டத்தில் தளவாய் அதைச் சொன்னார். திடல் முழுக்கப் பச்சை.

"பத்தொம்பதா?" என்று கேட்டார் சிகாமணி வீட்டில்.

"பத்தொம்பது."

"நல்லாத்தான் செதுக்கியிருக்க."

சிகாமணி மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு புட்டியோடு வீடுவீடாகப் போனார். முதல் நாள் அவளும் போனாள். சந்தை முக்கில் கோயில்பிச்சையின் டீக்கடையில் புட்டியை மேசைமேல் வைத்து விளக்கினார். கோயில்பிச்சை டீ ஆற்றுவதை நிறுத்தாமல் கேட்டான்.

"அண்ணே, அணையைப் பத்தி அண்ணாச்சி மேடையிலயே பேசிட்டாருல்லா. மொத்தத் திடலும் பச்சை. பயப்படுத விசயம்னா பச்சையா நிக்குமா?"

"மானி உன் பயத்தைத்தான்டே அளக்கும். அணையை அளக்காது."

"அது படிச்சவங்க பேச்சு. இன்னும் ரெண்டு நிமிசம் நீங்க பேசினா என் கைல செவந்துரும். பொறவு போலீஸ்காரன் கடைக்கு வந்து ஓசி வடை தின்னுட்டுப் போவான். டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புங்கண்ணே." பிறகு அன்னபாக்கியத்தைப் பார்த்தான். "என்ன மைனி, நீங்க அளந்ததுதான? நீங்களே சொல்லுங்க."

அவள் கண்ணாடித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருடத்தில் ஊர் அப்படிப் பழகியிருந்தது. ஒரு செய்தி காதில் விழுந்தால் அது உண்மையா என்று யாரும் கேட்பதில்லை. மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

மூன்று நாளில் இரண்டு குடும்பங்கள் மட்டும் ஊரைவிட்டுப் போயின. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மழை பிடித்தது. சிகாமணி மழைக்கோட்டை எடுத்தார்.

"நீங்க போக வேண்டாம்" என்றாள் அவள். கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"மதகைத் திறந்து மட்டத்தைக் குறைக்கணும். மேல இருந்து உத்தரவு வராது. தேர்தல் நேரத்துல தண்ணி திறந்துவிட்டா கீழ உள்ளவன் பயப்படுவானாம். நானே திறந்துருதேன். வேலை போனா போகட்டும்."

"வேலையைப் பத்தி யாரு கேட்டா?"

அவர் அவள் தோளைத் தொட்டு மெல்ல நகர்த்திவிட்டுப் போனார்.

வாக்குப்பதிவு அன்று காலை பதினோரு மணிக்கு அவர் கூப்பிட்டார். மழைச் சத்தத்தில் குரல் அறுந்து அறுந்து வந்தது.

"ரெண்டாம் மதகு சிக்கிக்கிட்டு. கரை அடியில ஆள் நுழையுற அளவுக்கு ஓட்டை. ரெண்டு மணி நேரம்கூடத் தாங்காது. பள்ளிக்கூடத்துக்குப் போ, வரிசையில நிக்கிறவங்களைக் கிளப்பு."

"நீங்க இறங்கி வாங்க."

"வாரேன். நீ போ."

அவர் குரலுக்குப் பின்னால் புல்லாங்குழல் கேட்டது. அணையின் அபாயச் சங்கு சோதனையில் எண்பத்திரண்டு காட்டியதால் அதை எடுத்துவிட்டு, அபாய அறிவிப்பாக மனதுக்கு இதமான குழலிசையை வைத்திருந்தார்கள். அவள் ஓடி வந்து சேர்ந்தபோது நாணல்குளம் பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கியிலும் அதே குழல் ஒலித்துக்கொண்டிருந்தது. குடைபிடித்து வரிசையில் நின்றவர்களில் ஒரு கிழவர் அதற்குத் தாளம் போட்டார்.

"அணை உடையப் போகுது. மேட்டுக்கு ஓடுங்க" என்று அவள் கத்தினாள்.

வரிசை திரும்பிப் பார்த்தது. மண்டபத்தில் தொலைபேசியை எடுத்த பெண் அங்கே நின்றாள். பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

"அளவைக்காரம்மா. இது சோதனை வாக்கியம்டி. நாங்க மண்டபத்துல கேட்டுட்டோம். இதுக்கு எழுபத்தொண்ணு."

சிரிப்பு வரிசை நெடுகப் பரவியது. அன்னபாக்கியம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நெசமா சொல்லுதேன் தாயி. என் வீட்டுக்காரர் அங்க நிக்காரு." அவள் குரல் உடைந்ததைக் கேட்ட ஏழெட்டுப் பேருக்கு மட்டும் மணிக்கட்டு சிவந்தது. அவர்கள் வரிசையை விட்டு விலகி நடக்கத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துக் காவலர்கள் வந்தார்கள். வாக்குச்சாவடியில் அச்சம் பரப்பிய குற்றத்துக்காக அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். தாலுகா அலுவலகம் மேட்டில் இருந்தது. அவள் பிழைத்தது அதனால்தான்.

பன்னிரண்டே முக்காலுக்கு அலுவலகத்தின் சன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள் நின்றாள். முதலில் காற்று வந்தது, ஈரமண் வாசனையோடு. பிறகு இரைச்சல். பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் தென்னைகளுக்கு மேலே நகர்ந்து வந்தது. அவளைப் பிடித்துவந்த காவலரின் வீடும் நாணல்குளத்தில்தான். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதை ஏன் செய்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு பேர். சிகாமணியின் மழைக்கோட்டு ஆற்றின் கீழ்க்கரையில் முள்ளில் மாட்டிக் கிடந்தது. அவர் கிடைக்கவில்லை.

நாட்டின் மற்ற இடங்களில் வாக்குப்பதிவு நடந்து முடிந்தது. பதினைந்து ஆண்டு எதிர்க்கட்சியாக இருந்த புத்துயிர் முன்னணி வென்றது. நாணல்குளத்தில் வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்பட்டதால், தளவாய் நியமன உறுப்பினராகி அமைச்சரானார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவருடைய முதல் கையெழுத்து அணைக்குத்தான்: விசாரணை ஆணையம்.

ஆணையம் மேட்டுத்தெருப் பள்ளியில் கூடியது. நேரடி ஒளிபரப்பு என்பதால் அச்ச வரம்பு அங்கும் உண்டு. நாணல்குளத்தில் உயிர் மிஞ்சியவர்களில் இருநூறு பேர் பட்டைகளோடு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அன்னபாக்கியம் சாட்சிக் கூண்டுக்குப் போகுமுன் தளவாய் அவள் அருகில் வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"மேடையில சொன்ன அந்த வாக்கியத்தை மட்டும் படிச்சாப் போதும். முன்னெச்சரிக்கை செஞ்சோம்னு பதிவாகும். நாற்பதைத் தாண்டாம பாத்துக்கோ, ஒளிபரப்பு நின்னுரும்."

"சரிங்க அண்ணாச்சி."

கூண்டில் ஏறியதும் அவள் அந்த வாக்கியம் இருந்த தாளை மடித்துக் கீழே போட்டாள். எதையும் செதுக்காமல் பேசினாள். கலங்கிய தண்ணீர், எழுபத்தொன்று, ஒவ்வொரு சொல்லாகத் தான் எடுத்த விதம், மண்டபத்தில் சொன்ன பொய், வரிசையில் கேட்ட சிரிப்பு, குழலிசைக்கு நடுவே வந்த கடைசி அழைப்பு. மற்ற அணைகளிலும் சங்கு இல்லை என்றாள். இந்த மாவட்டத்திலேயே இன்னும் இரண்டு மண் அணைகளில் கசிவுநீர் கலங்கத் தொடங்கிவிட்டது என்று தன் கைப்பையில் மிஞ்சியிருந்த சிகாமணியின் குறிப்பேட்டில் இருந்ததைத் தேதியோடு சொன்னாள். அதில் ஒன்று இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கிறது என்றாள்.

எந்த நொடியிலும் ஒளிபரப்பு அறுந்துவிடும் என்று காத்திருந்தாள். எதிரே, வீட்டையும் உறவையும் இழந்த இருநூறு பேரின் மணிக்கட்டுகள் மடியில் அசையாமல் கிடந்தன. யாரும் எழவில்லை. யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை.

அவள் நிறுத்திவிட்டு அளவை அலுவலரைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே கையசைத்தான்.

"பேசுங்கம்மா, ஒண்ணும் பிரச்சினையில்ல. எண் மூணுலயே நிக்கி."