ரத்தம் போகும் வழி

ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதித்துச் சொல்பவளுக்குத் தன் ரத்தம் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

ஆய்வக நுண்ணோக்கியில் மறுபடியும் குனிந்தாள். ரத்தம் குறைய மூன்றே வழிதான். உடம்பு அதைச் செய்யாமலிருக்க வேண்டும். செய்தது உள்ளேயே அழிய வேண்டும். இல்லையென்றால் வெளியே போக வேண்டும். கண்ணாடித் தகட்டில் தடவிய அவள் ரத்தத்தில் புதிதாய்ப் பிறந்த அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. ஆக, செய்யும் இடத்தில் குறையில்லை. உள்ளே அழிந்திருந்தால் கண் மஞ்சள் பூத்திருக்கும், அதுவுமில்லை. எங்கோ ஒழுகுகிறது. காயமோ வலியோ இல்லாமல்.

ஊசி குத்துவதே வேலையாகிப்போனதால் 'குண்டூசி' என்று பெயர் வாங்கிய தோழி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துட்டே? வீட்டுக்காரர் சோறு போடுறதில்லையா?"

"அவரா? இரும்புச்சத்து மாத்திரைய வாயில போட்டு, முழுங்கிட்டேனான்னு பார்த்துட்டுத்தான் தூங்க விடுவாரு. ஈரல் வறுத்து ஊட்டி விடுறாரு."

"கொடுத்து வச்சவ! என் வீட்லயும் ஒண்ணு இருக்கே, நான் செத்துக் கிடந்தாலும் டீ எங்கேன்னு கேக்கும்."

இருவரும் சிரித்தார்கள். சோதனைக்கு ரத்தம் எடுக்கத் தோழி சற்றுமுன் குத்திய இடத்தில் வைத்த பஞ்சு மட்டும் சிவந்துகொண்டே போனது. உறைய வேண்டிய ரத்தம் உறையவில்லை. அட்டை கடித்தால் இப்படித்தான்: அதன் எச்சில் முதலில் வலியை மரக்கச் செய்யும், பிறகு ரத்தத்தை உறையவிடாது. ஆனால் இந்த நகரத்தில் அட்டைக்கு எங்கே போக?

இரவுப் பணி முடித்து வீடு திரும்பினாள். அவள் பகலில் உறங்குவதற்காகவே கணவன் படுக்கையறைச் சன்னல்களில் அடுக்கடுக்காய்த் திரை போட்டிருந்தான். உச்சி வெயிலிலும் உள்ளே கும்மிருட்டு. பால் கொண்டுவந்தான். குமட்டியது. அவன் மனம் நோகக் கூடாதென்று, முகம் கழுவும் சாக்கில் தொட்டியில் ஊற்றிவிட்டுக் காலி டம்ளரை நீட்டினாள்.

"நல்லாத் தூங்கும்மா."

உறக்கம் வரவில்லை. தெருவில் ஏதோ வண்டி இரைந்துகொண்டு போய் ஓய்ந்தது. பூட்டியே கிடக்கும் பொருளறையின் சாவி மெல்லத் திரும்பும் ஓசை. அதன்பின், நாள்பட மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல் ஒரு புழுங்கல் வாடை. தரையில் துணி உரசியது. கட்டிலின் காலடியில் நின்றது.

கால்விரல் இடுக்கில் ஈரம். சில்லென்று. பிறகு பாதமே மரத்துப்போனது.

"மெதுவா, ராசாத்தி," என்றான் கணவன். "முன்னாடி இருந்தவள அவசரப்பட்டுத் தீர்த்துட்டே. இவள பத்திரமா வச்சுக்கணும்."

"உனக்கு இவமேல ஆசை வந்துடுச்சு." வறண்ட பெண்குரல்.

"அட பைத்தியம்! நீ பசியில வாடக் கூடாதுன்னுதானேடி இவளக் கட்டிக்கிட்டேன்."

குரல் தழுதழுத்தது. கட்டிலில் கிடந்தவளிடம் ஒருநாளும் அவன் அப்படிப் பேசியதில்லை.

திறந்த கதவு வழியே கசிந்த மங்கல் வெளிச்சத்தில், இமையிடுக்கில் பார்த்தாள். மண்டியிட்டிருந்தவளை அடையாளம் தெரிந்தது. புகைப்படத்தில் பார்த்த முகம். இறந்துவிட்டாள் என்று அவன் சொன்ன முதல் மனைவி.

எழப் பார்த்தாள். கால் அசையவில்லை.

அவன் அந்த முகத்தை இரு கைகளிலும் ஏந்தினான். உதட்டோரம் வழிந்ததைக் கட்டைவிரலால் துடைத்தான். குனிந்து முத்தமிட்டான்.

காதல்தான். சந்தேகமேயில்லை.

அவள் ரத்தம் அந்த வாய்க்குத்தான் போகிறது. வழிகாட்டியவன் அவள் புருஷன்.