குருவி என்று கூப்பிட்டவன்

"குருவி, கிளம்பலாமா?"

கிளினிக் வாசலில் நின்று அவன் அப்படிக் கேட்டதும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் அவளை, படகு இன்ஜின் மெக்கானிக்கான அவன், காதலிக்கத் தொடங்கிய நாளிலிருந்து 'பல்லழகி' என்றுதான் கூப்பிடுவான். "இது என்ன புதுப் பேரு?" என்று கேட்டபடியே கழுவிய இடுக்கிகளைத் துடைத்து அடுக்கினாள். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. மழையே பெய்யாத அந்தச் சாயங்காலத்தில் அவன் நின்ற இடம் மட்டும் நனைந்து கிடந்தது. அறையின் கிராம்பெண்ணெய் மணத்தையும் மீறி, தண்ணீர் வற்றிய கடற்சேற்றின் வாடை.

போன் செய்தாள்.

"நானா? மத்தியானத்துலேர்ந்து ஒரு இன்ஜினைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். கனவு கண்டியா பல்லழகி?"

வீட்டில் அப்பாவிடம் வேடிக்கையாகத்தான் சொன்னாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது.

"அந்தப் பேரை உனக்கு யாரு சொன்னது?"

"ஏம்பா?"

"என் அத்தையை அப்படிக் கூப்பிட்டது ஒரே ஒருத்தன்தான். உன் மெக்கானிக்கோட தாத்தாவுக்குத் தம்பி."

அந்த இருவரும் படகில் ஓடிப்போனதும், அதனால் தீவின் இரண்டு குடும்பங்களும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததும் அவளுக்குத் தெரியும். மிச்சத்தை அன்றுதான் கேட்டாள்.

"படகு கவுந்துடுச்சு. கையைக் கோத்துக்கிட்டு ரெண்டு பேரும் மிதந்திருக்காங்க. அத்தை கையை விட்டுட்டா. அதனாலதான் பொழைச்சா. அவன் உடம்புகூடக் கெடைக்கல. அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் கடல் பக்கத்து ஜன்னலை அவ திறக்கவே விடல. ஏன்னு கேட்டா, 'வெளிய நிக்கிறான்'னு சொல்லுவா."

"அப்புறம் ஏம்பா இந்தக் கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னீங்க?"

"இத்தோட எல்லாம் தீரும்னு நெனச்சேம்மா."

மெக்கானிக்கிடம் அவள் இதைச் சொல்லவில்லை. எத்தனையோ பேர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்திருந்தான். இதைப் போய்ச் சொன்னால் அவன் அம்மா மறுபடி முருங்கை மரம் ஏறிவிடுவாள். ஆனால் அதன் பிறகு கிளினிக்கில் தனியாக இருக்கும்போதெல்லாம், ஈரத் துணியைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம் வெளிச்சுவரை ஒட்டியே மெதுவாக வந்து, அவள் நிற்கும் இடத்துக்கு நேராக நின்றுவிடும். நோயாளிகள் வாய் கொப்பளித்துத் துப்பும் தொட்டியில், குழாய் மூடியிருக்கும்போதே, தண்ணீர் ஊறி ஊறி விளிம்பு வரை ஏறும். ஒருநாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

கல்யாணத்தைப் பதிவு செய்ய அக்கரைக்குப் போகும் காலை. அவனும் அவளும் அவன் படகில் முன்னால் போவது, பெரியவர்கள் பயணிகள் படகில் பின்னால் வருவது என்று பேச்சு. துறையில் பனிமூட்டம் பால் மாதிரி இறங்கியிருந்தது. படகு கண்ணுக்குத் தெரிந்தது. அதில் நின்று அவன் கையை நீட்டினான்.

அவள் ஏறவில்லை. "முதல்ல என்னைக் கூப்பிடு."

"பல்லழகி." அதே குரல். உதடு பிரியாமல் சிரித்தான்.

உயிர் வந்தது அவளுக்கு. கையைப் பிடித்து ஏறி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கை சில்லென்றிருந்தது. பனிதானே என்று நினைத்துக்கொண்டாள். படகு நகர்ந்தது. துறை மங்கி, கரைந்து, காணாமல் போனது. தண்ணீர் பலகையை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ரொம்பத் தெளிவாகக் கேட்டது.

இன்ஜின் ஓடவில்லை.

"இன்ஜின் போடலையா?"

அவன் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பின்னால், கரையிலிருந்து, ஒரு மோட்டார் இருமிக் கிளம்பியது. அதற்கு மேல் தொண்டை கிழியும் ஒரு குரல். "பல்லழகீ! எங்க இருக்க?" கூடவே அப்பாவின் குரல்.

கரை தூரமில்லை. அவளுக்கு நீச்சல் தெரியும். கையை உருவினால் போதும். குதித்துவிடலாம்.

இழுத்தாள். வரவில்லை.

மறுபடி இழுத்தாள்.

குனிந்து பார்த்தாள். அவன் விரல்கள் பிடிக்கவே இல்லை. வெளுத்து, ஊறி, விரிந்து கிடந்தன. பிடித்திருந்தது அவளுடைய கை. நகம் பதியப் பிடித்திருந்தது.

அலறத்தான் வாயைத் திறந்தாள். வந்தது அவள் குரல் இல்லை. ஒரு கிழவியின் குரல்.

"இந்தத் தடவை விடமாட்டேன்."

அவன் மெல்லத் திரும்பினான். இப்போதுதான் வாய் திறந்து சிரித்தான். அந்த வாயில் பல் இல்லை. மேலும் கீழும் வரிசையாக, ஈறில் ஒட்டி வளர்ந்த சிப்பிகள். ஒவ்வொன்றாக, அவளைப் பார்த்து, திறந்துகொண்டிருந்தன.