அக்கரையிலிருந்து வந்த படம்

1933 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. விடியலிலிருந்தே தூறல்; கண்டி வாவியின் மறுகரையை மூடுபனி விழுங்கியிருந்தது.

காலை எட்டு மணிக்கு வாவிக்கரை மண்டபத்தின் பூட்டைத் திறந்த இராஜலிங்கம், நடுச்சுவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். அங்கே தொங்கிய சட்டத்தில் கண்ணாடி இருந்தது, பின்பலகை இருந்தது, படம் மட்டும் இல்லை. கீழேயிருந்த அட்டையில், அவரே முத்து முத்தாக எழுதியிருந்தார்: "அசையாத அழகு: ராக்கம்மா, இராமநாதபுரம்."

கண்டி ஒளிப்படக் கழகத்தின் செயலாளர் அவர். அக்கழகமும் சென்னைக் கழகமொன்றும் ஓராண்டு சண்டையிட்டுச் சமாதானமாகி அமைத்த கூட்டுக் கண்காட்சி, அன்று மாலை நான்கு மணிக்குத் தொடங்கவிருந்தது. பின்னர் அதே படங்கள் கடல் கடந்து சென்னையிலும் காட்டப்படும். காணாமற்போனதோ சென்னையார் அனுப்பிய படம்.

இராஜலிங்கம் ஆளனுப்பி அழைத்த பஹ்மி எட்டே முக்காலுக்கு வந்து சேர்ந்தார். தொழிலால் நீதிமன்றப் பிரக்கிராசி, வழக்கறிஞர். புதிரென்றால் பசியும் மறந்துபோகும் மனிதர்.

"பூட்டு உடையல, ஆணி வளையல. வெளியாள் இல்ல சார்," என்றார் சென்னையிலிருந்து படங்களோடு வந்திருந்த தியாகராஜா.

"என்னையோ சொல்லுறியள்?" என்று இராஜலிங்கம் சீறினார்.

"உங்களைச் சொல்லல. சாவி உங்ககிட்ட இருக்குன்னுதான் சொல்றேன்."

"அது ரெண்டும் ஒண்டுதானே ஐயா!"

மற்றொரு சாவி ஹலீமிடம் இருந்தது. கண்டிக் கடைத்தெருவில் படப்பிடிப்பு நிலையம் நடத்துபவர். எல்லாப் படங்களுக்கும் சட்டமிட்டு மாட்டியவர். அண்ணன் முறையில் 'நானா' என்று அழைத்துப் பழகிய பஹ்மி அவரை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"நானா, கடைசியா எப்ப இங்க வந்தீங்க?"

"நேத்துப் பின்னேரம். மாட்டினேன், பூட்டினேன், போனேன்."

"களவு போனது எப்பத் தெரியும்?"

"இவங்க ஆளனுப்பினப்பதான். எட்டரை இரிக்கும்."

"படம் எப்படி இரிந்திச்சி?"

"எல்லாத்தையும் நின்டு பாக்க நேரமில்ல, தம்பி," என்ற ஹலீம் ஈரக் குடையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்கு, சாக்குத்துணியைத் தலையில் போர்த்தியபடி ஒருவன் படியேறி வந்தான். மடுல்கெல்லத் தோட்டத்துக் கணபதி. தேயிலை விலை வீழ்ந்தபோது தோட்டம் பலரை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பியது. அவனுடைய மனைவி ராக்கம்மா சென்ற ஆண்டு இரண்டு வயதுப் பெண்குழந்தையோடு இராமநாதபுரத்துக்குக் கப்பலேறினாள். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. பட்டியலில் பெயரைக் கண்டு, அவள் படம் வருவதாகச் சொல்லியனுப்பியவர், தோட்டத்திற்குப் படமெடுக்கச் சென்று பழகிய ஹலீம்.

"எம்பொஞ்சாதியப் பாக்க வந்தேங்க," என்றான் கணபதி. "வர்ற வழியில வத்தேகமயில லாரிக்காரரு மறிச்சாரு. படம் இல்லையாம், வர வேணாம்னு ஹலீம் மொதலாளி சொல்லச் சொன்னாராம். காலையில ஆறு மணிக்குக் கண்டியிலேர்ந்து லாரி பொறப்படறப்பவே சொன்னாராம். எனக்கு மனசு கேக்கலைங்க. அவ எளச்சிருக்காளா, தேறியிருக்காளான்னு ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

பஹ்மியின் புருவம் உயர்ந்தது. அவனை எதிர்த் தேநீர்க்கடைக்கு அனுப்பிவிட்டு, தெரிவுக்காக முன்பே வந்திருந்த சிறு பிரதியை இராஜலிங்கத்திடம் கேட்டு வாங்கினார்.

வேப்பமரத்தடியில் நாற்காலியில் ஒரு பெண். அவள்மீது சாய்ந்தபடி ஒரு குழந்தை.

"பாருங்கோ, இலையெல்லாம் ஆடுது. பிள்ளையின்ரை முகமும் கலங்கிப்போச்சு. இவள் மட்டும் சிலை மாதிரி!" என்று இராஜலிங்கம் உருகினார். "அதுக்குத்தான் முதலிடம் குடுத்தனாங்கள்."

"நெற்றியில்?"

"பொட்டு."

பஹ்மி உருப்பெருக்கியை நெடுநேரம் அப்படத்தின்மீது வைத்திருந்தார்.

பிற்பகல் மூன்று நாற்பது. மூவரையும் நடுச்சுவரின் முன் நிறுத்தினார் பஹ்மி. வழக்கை வென்றுவிட்ட பெருமிதம் அவர் குரலை உயர்த்தியது.

"படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தவர் ஹலீம் நானா. களவு எட்டு மணிக்கு வெளிப்பட்டது, தமக்கு எட்டரைக்குத்தான் தெரியுமென்றார். ஆனால் படம் இல்லையென்று ஆறு மணிக்கே லாரிக்காரரிடம் சொல்லியிருக்கிறார்."

"தம்பி, மெதுவா," என்றார் ஹலீம்.

"ஏன் எடுத்தார்? அங்கேதான் நீங்களெல்லாரும் ஏமாந்தீர்கள்! குங்குமச் சிவப்பு, படமெடுக்கும் கண்ணாடித் தகட்டில் கறுப்பாகத்தானே விழும்? இந்தப் பொட்டோ வெள்ளையாக மின்னுகிறது."

"சந்தனமாக்கும் எண்டு நினைச்சன்," என்று இராஜலிங்கம் முணுமுணுத்தார்.

"சந்தனத்தில் அரசர் தலை இருக்குமா? உருப்பெருக்கியில் பாருங்கள். அது நெற்றிக்காசு. எத்தனை மரண விசாரணையில் பார்த்திருக்கிறேன்! விழிகள் தூரிகையால் வரைந்தவை. இலை ஆடியது, குழந்தை ஆடியது, இவள் ஆடவில்லை. அழகு என்றீர்கள். இது பிணத்தை உட்காரவைத்து எடுத்த படம்!"

தியாகராஜா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஊர் ஊராப் போய்ப் படமெடுக்கிற ராமநாதபுரத்து மெம்பர் இவ பேரை மட்டும்தான் எழுதியிருந்தார் சார். சத்தியமா எனக்குத் தெரியாது."

ஹலீம் அவரைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் வாசலில் இருந்தன. பஹ்மி திரும்பினார்.

கணபதி நின்றுகொண்டிருந்தான். அவனுடைய சாக்குத்துணி தரையில் நழுவிக் கிடந்தது.

"சட்டம் போடக்குள்ளதான் இதக் கண்டேன், கணபதி," என்றார் ஹலீம். "இத்தன சனத்துக்கு முன்னால நீ காணக்கூடாதுன்டு ராவு திரும்பி வந்து எடுத்தேன். தோட்டத்துக்கு வந்து, பக்கத்துல இருந்து சொல்ல நினைச்சேன்."

கணபதி கையை நீட்டினான். ஹலீம் தம் கோட்டுக்குள்ளிருந்து துணியில் சுற்றிய படத்தை எடுத்துக் கொடுத்தார். அவன் அதைத் தரையில் வைத்து, எதிரே குந்திக்கொண்டான். வெகுநேரம் மனைவியைப் பார்த்தான். அழவில்லை. பிறகு அவன் விரல் குழந்தைமீது நின்றது.

"புள்ள மொகம் தெரியலைங்களே."

"குழந்தை அசைஞ்சிடுச்சு," என்றார் தியாகராஜா.

"அசைஞ்சுச்சா?" கணபதி நிமிர்ந்தான். "அப்ப உசுரோட இருக்கா. எந்த ஊட்டுல, யாரு கஞ்சி ஊத்துறாங்களோ."

பஹ்மி உருப்பெருக்கியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கொண்டுபோ, கணபதி. இது உனக்குரியது," என்றார் ஹலீம்.

"வேணாங்க. மாட்டுங்க. இந்தப் படமெல்லாம் அந்தக் கரைக்கும் போகுமில்லீங்களா? புள்ளய அறிஞ்சவங்க யாராச்சும் பாப்பாங்க. தகப்பன் கணபதி மடுல்கெல்லயில இருக்கான்னு அடியில எழுதுங்க."

நான்கு மணி அடித்தது. கதவுக்கு வெளியே விருந்தினரின் குடைகள் சேரத் தொடங்கின. எவரும் திறக்கப் போகவில்லை. தியாகராஜா சட்டத்தைப் பிடிக்க, ஹலீம் படத்தை உள்ளே பொருத்தினார். இராஜலிங்கம் தாமெழுதிய அட்டையைக் கிழித்தார். புதிய அட்டையில் எழுதப் பஹ்மியே பேனாவை வாங்கினார்.

"தகப்பன் பெயர் கணபதி," என்று எழுதி, அடுத்த சொல்லுக்குமுன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி எழுத்தை அவர் எழுதி முடித்தபோது, மாலை நான்கு மணி ஏழு நிமிடம்.